இல்லை என்று சொன்னவன்

தேடினேன், இல்லை
என்று கூட்டத்தில் சொன்னவன் நான்தான்.

எல்பே ஆற்றங்கரையில் சிறு நகராட்சி எங்களுடையது.
மழலையர் பள்ளிக்குக் கட்டப்போகும் தடுப்புச்சுவர்
எத்தனை உயரம் என்பது கேள்வி.
பழைய வெள்ளம் எதுவரை ஏறியதென்று
கோடு கிழித்திருந்த உப்புக்கிடங்கை
என் அப்பா காலத்திலேயே இடித்து
வண்டி நிறுத்தம் ஆக்கியாயிற்று.

எல்லோரும் திறக்கும் அந்த ஒற்றைப் பெட்டியில்
ஊர்ப்பெயர், வெள்ளம், உயரம் என்று தட்டினேன்.
வந்தவை:
ஈரச்சுவருக்குப் பூச்சு,
வெள்ளக் காப்பீடு, முதல் மூன்று மாதம் இலவசம்,
ஆற்றோர விடுதியில் வாத்துக்கறி விருந்து.
போன வாரம் நான் ரப்பர் பூட்ஸ் வாங்கியதை
அது மறக்கவில்லை.
இரண்டாம் பக்கத்துக்கு நான் போகவில்லை.
டெட்லெஃப் தேடினார், இல்லை
என்று குறிப்பேட்டில் ஏறியது.

ஃப்ராக்கேவுக்கு வாரத்தில் இரண்டு நாள் ஆவணக்காப்பகம்,
மீதி நாள் தேனீக்கள்.
"இல்லையா, கிடைக்கவில்லையா?"
என்று மட்டும் கேட்டாள்.
கோட்டைக் கழற்றாமலே என் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இதற்கு உன்னைத் தெரியும்,
ஆற்றைத் தெரியாது" என்று என் பெட்டியை மூடினாள்.
என்னை அறியாத வேறொன்றைத் திறந்து
வேண்டாததன் முன்னால் கழித்தல் குறி இட்டாள்.
காப்பீடு போயிற்று, பூச்சு போயிற்று,
வாத்து மட்டும் கொஞ்ச நேரம் பிடிவாதம் பிடித்தது.
நாலாம் பக்கத்தில் யாரோ மாணவரின் ஆய்வேடு,
அதில் ஓர் அடிக்குறிப்பு,
அதில் பழைய வாரப்பத்திரிகை ஒன்றின் பெயர்.
உயரம் இல்லை. பெயர்தான்.
அதற்கே கோட்டைக் கழற்றினாள்.

பத்திரிகை மாநில நூலகத்தின் ஸ்கேன் கிடங்கில் இருந்தது.
அங்கே தனியாக ஒரு தேடல் பெட்டி.
நான் முந்திக்கொண்டு 'வாஸர்' என்று தட்டினேன்: நீர்.
அந்த ஆண்டு முழுக்க ஒரு சொட்டு இல்லை.
"பார்த்தாயா" என்றேன்.
சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவள் ஒரு பக்கத்தைப் பெரிதாக்கினாள்.
கொக்கி கொக்கியாய் அந்தக் காலத்து அச்சு.
சொல் நடுவே வரும் எஸ்
நெட்டையாய், தலை கவிழ்ந்து நிற்கிறது.
பக்கங்களைப் படித்த இயந்திரம்
அத்தனையையும் எஃப் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது.
எங்கள் ஆறு நூற்றைம்பது ஆண்டாய் அங்கே
'வாஃபர்' என்று ஓடிக்கொண்டிருந்தது.

அப்படியொரு சொல் ஜெர்மனில் கிடையாது.
பொதுப் பெட்டியில் போட்டால்
'வாஃபெ' என்று நினைத்தீர்களா எனக் கேட்டு
வேட்டைத் துப்பாக்கிக் கடைகளை வரிசை கட்டும்.
ஃப்ராக்கே பிழையைப் பிழையாகவே
மேற்கோள் குறிக்குள் பூட்டித் தட்டினாள்,
திருத்த வராதே, தெரிந்துதான் கேட்கிறேன் என்பதுபோல.

நாற்பத்தொரு இடம்.
பதினேழாவது, மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமை:
பனிப்பாளங்கள் பாலத்தடியில் அடைத்துக்கொள்ள
உப்புக்கிடங்கின் வாசற்படிக்கு மேல்
நீர் ஒன்பதடி.

நான் எழுந்து விட்டேன். அவள் எழவில்லை.
"எந்த ஊர் அடி?"
அப்போது ஆளுக்கொரு அரசன், அரசனுக்கொரு அடி.
மறுபடி தேடல்.
எதிர்க்கரைப் பத்திரிகை ஒன்பதடி நாலங்குலம் என்றது.
இரண்டையும் எழுதினாள்,
எங்கே, என்ன சொல்லால், எந்தத் தேதியில் கண்டது என்பதோடு.
எது சரி என்று கேட்டேன்.
தெரியாது என்றாள், வெட்கமே இல்லாமல்.

குறிப்பேட்டில் என் 'இல்லை'யை அடித்துவிட்டு
ஓரிடத்தில், ஒருமுறை, ஒரு சொல்லால் பார்த்தேன்
என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

மாலையில் வண்டி நிறுத்தத்துக்குப் போனேன்.
சீட்டு தரும் இயந்திரத்துக்குப் பக்கத்தில்
அந்தப் படி இருந்திருக்க வேண்டும்.
கையை உயர்த்திப் பார்த்தேன், நுனிக்காலில் நின்று.
எட்டவில்லை.
வண்டி எடுக்க வந்த பெண்மணி
எதையாவது தேடுகிறீர்களா என்று கேட்டார்.