எதிரி நாட்டார் பதிவேடு

பேட்டையில் ஐந்து வீடு, பதினெட்டுப் பேர்,
ஒரு பியானோ.
சேலத்திலிருந்து மாட்டுவண்டியில் வந்தது அது.
தொப்பூர்க் கணவாயில் இரண்டு கட்டைக்குப்
பேச்சு நின்றுவிட்டது.

நான் ஸ்டேஷன் ரைட்டர் திம்மராயன்.
வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ்,
பதிவேட்டில் இங்கிலீஷ்.
சனிக்கிழமைதோறும் பத்து மணிக்கு
அவர்கள் என்முன் கையெழுத்துப் போடவேண்டும்.

தேசம் என்கிற கட்டத்தில்
ஜெர்மனி என்று எழுதினேன்.
பல் டாக்டர் ஃபைபுஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அடித்து வெளியே தள்ளின வீடு அது.
என்னை அந்த வீட்டு ஆள் என்கிறீர்களே?"
மேலிடத்து உத்தரவு ஐயா, என்றேன்.
அவர் பேனாவைத் தொடவில்லை.
சனிக்கிழமை எழுதமாட்டாராம்.
எங்களுக்கும் சனி ஆகாதுதான் என்று சொல்லி
வெள்ளி மதியத்துக்கு மாற்றினேன்,
தேதியை மட்டும் சனி என்று போட்டு.
சர்க்காருக்கு நான் சொன்ன பொய்களில்
நல்ல கையெழுத்தில் இருப்பது அது ஒன்றுதான்.

டாக்டருக்கு லைசென்ஸ் கிடையாது.
சந்தை நாளில் ராயக்கோட்டை ஆட்கள்
வீங்கின கன்னத்தோடு பின்வாசலில் நிற்பார்கள்.
பல்லுக்கு நாலு முட்டை.
கடைவாய் என்றால் சேவல்.
அவர் மனைவி இல்ஸே வெள்ளிதோறும்
ரொட்டியைச் சடையாகப் பின்னுவாள்.
கோதுமை வராத மாதம்
கேழ்வரகு மாவில் பின்னிப் பார்த்தாள்.
அறுந்து அறுந்து விழுந்தது.
"களிக்கு எதுக்கும்மா சடை?" என்றாள்
அடுத்த வீட்டு மாரக்கா.
இரண்டு பேரும் சிரித்தது ஸ்டேஷன் வரை கேட்டது.

அப்புறம் ஒரு மொட்டைக் கடுதாசி:
வெள்ளி அந்தியில், ஜன்னலில், வாரம் தவறாமல்
இரண்டு விளக்கு.
ஜப்பான் விமானத்துக்கு ஜாடை.
விசாரிக்கப் போனேன்.
மெழுகுவர்த்திகளுக்கு முன்னால்
இல்ஸே இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தாள்.
முடியும்வரை நின்றேன்.
எப்போது பூட்ஸைக் கழற்றினேன் என்று தெரியவில்லை.
அறிக்கை எழுதினேன்:
"மேற்படி வெளிச்சம் எதிர்வீட்டுச் சுவரை எட்டவில்லை.
ஆகாயத்தை எட்டுமென்று தோன்றவில்லை."

மார்ச்சில், டாக்டர் தன் தாய்க்குப் போட்ட கடிதம்
திரும்பி வந்தது.
முத்திரைமேல் முத்திரை.
ஓரத்தில் நீலப் பென்சிலில் ஒரு வரி.
"இது என்ன பாஷை?" என்று கேட்டேன்.
தபால்கார வேங்கடப்பா சொன்னான்:
"எந்தப் பாஷையில எழுதினாலும்
திரும்பி வந்த கவருக்கு அர்த்தம் ஒண்ணுதான் சார்."

செத்தவருக்காகச் சொல்ல ஒரு துதி இருக்கிறதாம்.
அதற்குப் பத்து ஆண்கள் வேண்டும்.
ஐந்து வீட்டையும் எண்ணினால் ஒன்பது.
நான் வருகிறேனே, என்றேன்.
டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார்,
விடவில்லை,
தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினார்.
தெருவில் அவர் மகன் ரூடி
கோலி ஆடிக்கொண்டிருந்தான்.
அவனுக்குப் பதின்மூன்று முடிய
இன்னும் பதினேழு வாரம்.
பதினேழு வாரம் அந்த அம்மா
பேட்டையில் காத்திருந்தாள்.

ஆடி பிறந்த வாரம்.
கடைசி மாங்காய் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.
நான் வாசலுக்கு வெளியே, யூனிபாரம் இல்லாமல்.
ஒன்பது தடித்த குரல்களுக்கு நடுவே
உடைந்துகொண்டிருந்த ஒன்று.
சொல் புரியவில்லை.
எண்ணிக்கை புரிந்தது.

அவர்கள் கணக்கில் பதின்மூன்றில் ஆள்.
எங்கள் கணக்கில் பதினாறில் எதிரி.
அவனுக்கும் ஒரு வரி கோடு போட்டு,
பெயர் எழுதி வைத்திருந்தேன்.
அதற்கு இரண்டு மாதம் முன்னால்
ஜெர்மன் சண்டை முடிந்துபோனது.

அப்படியும் வந்தான் ரூடி,
அப்பாவின் கோட்டு, எண்ணெய் வைத்த தலை.
"சார், நான் போடவேணாமா?"
வேணாம் போடா, என்றேன்.
கொஞ்ச நேரம் நின்றான்.
பிறகு கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு
மண்டிப் பக்கம் நடந்தான்.