தலைகீழாய் ஓர் இரவு

வாரத்தில் ஆறு நாள்
சூப்பர் மார்க்கெட் குளிர்பெட்டிகளுக்குள்
தலையை விட்டுக் கிடப்பவன்
வெள்ளிக்கிழமையும் குளிர்பெட்டி தேடித்தான் போகிறேன்
அத்தீக்கின் பிக்கப்பில், முகர்ரக் சந்துகளில்.
கூலி பத்து தினார். கிடைக்காவிட்டால் ஐந்து.

பழைய பிரிட்ஜ் என்றால் அத்தீக்குக்குப் பைத்தியம்.
பெண்டாட்டி திட்டத் திட்ட
கராஜில் பதினொன்று சேர்த்துவிட்டான்,
கார் வெயிலில் நிற்கிறது.

வீட்டுக்குள் நுழைந்ததும் சொல்லிவிடுவேன்.
தரையில் நாலு துருவட்டம்,
சுவரில் நாக்கு நீட்டிய கரி:
இங்கே மண்ணெண்ணெய் பிரிட்ஜ் நின்றிருக்கிறது.
மோட்டார் கிடையாது, சத்தம் கிடையாது.
அடியில் திரி எரியும், மேலே பனி உறையும்.
பாலிடெக்னிக் வாத்தியார் படம் போட்டு விளக்கியபோது
வகுப்பில் ஒருத்தனும் நம்பவில்லை.

ஒன்றில் புறா முட்டையிட்டிருந்தது.
ஒன்றுக்குக் கதவே இல்லை.
ஏன் என்றதற்கு வீட்டுக்காரர் பேச்சை மாற்றினார்.
அந்தக் காலத்துத் தாழ்ப்பாள்
உள்ளிருந்து தள்ளினால் திறக்காது.
அத்தீக் அதற்கு விலை கேட்கவில்லை,
அன்று முழுக்க ரேடியோவும் போடவில்லை.

நாலாவது வாரம் லுல்வாவின் வீடு.
பேங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்,
மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசுகிறவர்.
பின்னறையில் அது நின்றது,
வயிறு நிறையக் கரண்ட் பில்லோடு.
டேப் வைத்து அளந்தேன்.
பெட்டி முப்பது அங்குலம், வாசல் இருபத்தாறு.
மறுபடி அளந்தேன்.
பிரிட்ஜ் வந்தபிறகுதான்
அதைச் சுற்றி அறை வந்திருக்கிறது.

"அப்பா ரிஃபைனரியில் ஃபோர்மேன்.
அவாலியில் மூட்டை கட்டிய துரை ஒருவனிடம்
பாதி சம்பளத்துக்கு வாங்கியது.
கழுதை வண்டியில் வந்ததாம்,
தெருவே பின்னால் நடந்ததாம்."

பில்களை எடுத்ததும்
தட்டுகளின் விளிம்பில் பென்சில் எழுத்து.
அத்தீக் குனிந்து வாசித்தான்:
மேல்தட்டு, ரொட்டிக்கடை ஈரானியின் மகள், ஊசிமருந்து.
நடுத்தட்டு, எதிர்வீட்டு ஹம்மூத், கண்சொட்டு.
கீழ்த்தட்டு, மீன்காரி. பெயர் அழிந்துவிட்டது.
"எங்களுக்குக் கதவுப்பக்கம் மட்டும்தான்," என்றார் லுல்வா,
"அதுவும் அம்மா சண்டை போட்டு வாங்கியது."

குழாய்க்குள் அம்மோனியா அடைத்துக்கொண்டால்
ஒரு வைத்தியம் உண்டு, புத்தகத்தில் இல்லாதது:
ஓர் இரவு தலைகீழாய் நிறுத்து.
மூன்று பேரும் மூச்சுப்பிடித்துக் கவிழ்த்தோம்.
உள்ளே ஏதோ கொழகொழவென்று இறங்கியது,
நெடுநாள் பேசாதவன் தொண்டையைச் செருமியதுபோல.
காலையில் நிமிர்த்திவிடச் சொன்னோம்,
பேரன்மார் இரண்டு பேர் வந்து நிமிர்த்தினார்களாம்.

அடுத்த வெள்ளி,
பாலைவனத்தில் கூடாரம் போடுகிறவர்கள் கடைகடையாய் ஏறி
இரண்டு லிட்டர் மண்ணெண்ணெய்.
திரி பற்றியது. நீலச்சுடர், கட்டைவிரல் அளவு.
ஒரு தம்ளர் தண்ணீர் உள்ளே வைத்தார்.
டீ வந்தது. ளுஹர் போனது. டீ வந்தது.
அசர் தொழுதுவிட்டு வந்த அத்தீக்
கதவில் காதை வைத்தான், மடையன்,
சத்தமே இல்லாததில் எதைக் கேட்க?
மஃரிபுக்கு முன்னால் திறந்தோம்.
தண்ணீர்மேல் பாலாடை கனத்தில் பனி.
விரல் பட்டதும் விரிந்துவிட்டது.

அத்தீக் பர்ஸை எடுத்தான்.
"விற்கிறேன் என்று எப்போது சொன்னேன்?" என்றார் லுல்வா,
சுடரைக் கொஞ்சம் தணித்தபடி.

கிடைத்த கணக்கா, கிடைக்காத கணக்கா?
பாலம் தாண்டும்வரை வாதாடி
ஏழரை தினார் தந்தான்.

குதைபியா அறை. எட்டுப்பேருக்கு ஒரு பிரிட்ஜ்.
தட்டுக்குத் தட்டு பிளாஸ்திரி ஒட்டிப் பெயர்:
தொபியாஸ், இத்ரீஸ்,
முனியாண்டி இரண்டு பேர் என்பதால்
ஒன்று கறுப்பு மை, ஒன்று சிவப்பு.
தொபியாஸின் இன்சுலின் மட்டும்
யாரும் தொடாமல் பின்சுவர் ஓரம்.
என் தட்டில் என் பெயர் இருந்தது.
தயிர் இல்லை.