அறுபத்திரண்டு

கஸ்தூரியார் றோட்டுக் கடையில்
இருபத்தெட்டாயிரம் சொன்னாங்கள்.
போனில் அதே மாதிரிப் பிறேம்
ஆறாயிரத்து ஐந்நூறு.
ஒரேயொரு கட்டம் மட்டும் நிரப்பாமல் கிடந்தது:
கருமணிக்கும் கருமணிக்கும் இடையில்
எத்தனை மில்லிமீற்றர்?

மகளின்ர அடிமட்டத்தை மூக்கில் வைச்சு
குளியலறைக் கண்ணாடியில் பாத்தன்.
அறுபத்தைந்து.
மூச்சு விட்டன், ஐம்பத்தொன்பது.
வலக்கண்ணை மூடினால்
இடக்கண் பூச்சியத்தை விட்டு நகருது.
கிட்டப் போகப் போக
இரண்டும் மூக்குப் பக்கம் ஒதுங்குது,
தங்களுக்குள்ள கதைக்க ஏதோ இருக்கிற மாதிரி.
அஞ்சு தரம் அளந்து, கூட்டி, அஞ்சால் பிரிச்சன்.
வந்த கணக்கு ஆற்ற முகம்?

மத்தியானக் கொக்குவில் ஒழுங்கையில்
அருளானந்தம் மட்டும்தான் நிண்டார்.
வேலிக்கு நாடா பிடிச்ச நாளிலிருந்து,
அரையடிக்காக,
ஒன்பது மாதம் நாங்கள் முகம் பாக்கேல்லை.
கேட்டன்.
அடிமட்டத்தைச் சாரத்தில் துடைச்சார்.
"என்ர இடக்கண்ணைப் பாருங்கோ.
இப்ப வலது. ஆடாதேங்கோ."
வெத்திலை மணம்.
என்ர புருவத்தில் அவற்ற சுண்டுவிரல்.
அறுபத்திரண்டு, எண்டார்.

அவர் சொன்ன அளவொன்றை
மறுபேச்சில்லாமல் எழுதினது
அதுதான் முதல் தரம்.

பதினெட்டாம் நாள் பார்சல் வந்தது.
மருந்துப் போத்தல் எழுத்துக்கூடத் தெரியுது.
படி மட்டும் காலுக்குக் கொஞ்சம் முந்தி வருது,
பின்னேரத்தில் நெற்றி விண்விண்ணெண்டு நோகுது.
ஒரு மில்லிமீற்றர் பிசகியிருக்கும்.
அவரோ, நானோ.

வேலியும் சரிஞ்சுதான் தெரியுது.
எந்தப் பக்கமெண்டு
போட்டும் கழட்டியும் பாத்திட்டன்,
சொல்லேலாமல் கிடக்கு.