தகுதியுள்ளவன்

நான் இந்த நாட்டின் ஜனாதிபதி ஆகலாம்.
முப்பத்தைந்து வயது நிரம்பவேண்டும்,
அதற்கு இன்னும் நாலு வருடம். காத்திருக்கிறேன்.
இப்போதைக்கு
மோஹாக் நதிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் டயர் கடை.
இரண்டு தேர்தலில் ஓட்டுப் போடவில்லை.
ஒன்றை மறந்துவிட்டேன்.
மற்றதன்று மழை.

என் அண்ணன் மிர்சாத் ஆக முடியாது.
அவன் இந்த ஊர் மேயர்.
எந்தத் தெருவுக்கடியில் எந்த வருடத்துக் குழாய் ஓடுகிறது என்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.
அரசியல் சட்டத்தைத் திருத்தங்களோடு
பல் தேய்த்தபடி முணுமுணுப்பான்.
‘பிறப்பால் குடிமகனாக’ என்ற இடம் வரும்போது மட்டும்
வாய் கொப்பளிப்பான்.

பிஹாச்சை விட்டுக் கிளம்பியபோது
அவனுக்குப் பன்னிரண்டு வயது.
வயிற்றுக்குள் எனக்கு ஏழு மாதம்.
பஸ், முகாம், ஸாக்ரெப், ஃபிராங்ஃபர்ட், பிறகு கடல்.
எல்லா எல்லையையும் சேர்ந்தேதான் கடந்தோம்.
கருப்பையைத் திறந்து காட்டு என்று கேட்க
எந்தக் கவுன்ட்டரிலும் ஆள் இல்லை.

பிரசவம் பார்த்த டாக்டரின் பெயரையே
எனக்கு வைத்தாள் அம்மா. ரஸ்ஸல் ஹால்கிச்.
முன்பாதி ஒரு வீடு, பின்பாதி இன்னொன்று.
நடுவே சுவர் எழுப்ப யாருக்கும் நேரமில்லை.

பிஸ்கட் டப்பாவில் இரண்டு காகிதம் வைத்திருக்கிறாள்.
ஒன்றில், பதினெட்டு வயது மிர்சாத்
இரவல் கோட்டில் முறைத்துக்கொண்டிருக்கிறான்.
அன்று நீதிமன்றத்தில் அவன் கை உயர்த்தியபோது
நான் பெஞ்சில் தூங்கிவிட்டேனாம்.
வேற்று அரசர் எவருக்கும் விசுவாசமில்லை என்று
ஒவ்வொரு சொல்லாக அவன் சொன்னான்.
என்னிடம் இன்றுவரை
யாரும் எதுவும் கேட்டதில்லை.
மற்றதில், மையில் தோய்த்த என் இரண்டு பாதங்கள்.
மண்ணை மிதிக்காத கால்.
அதற்குள் நான் மண்ணின் மைந்தன்.

வான் எட்டன் கெட்டவர் இல்லை.
அண்ணனுக்கு இரண்டு முறை ஓட்டுப் போட்டவர்.
பனிக்கால டயர் மாட்டும்போது சொன்னார்:
“ஒரு கதவாவது பூட்டியிருக்கட்டும் தம்பி.
பணப்பெட்டியோடு ஏதோ ஒரு வெளிநாட்டு இளவரசன்
வந்து நின்றால் என்ன செய்வது?”
எனக்குப் பதில் வரவில்லை.
நட்டை இறுக்கினேன்.
எங்கள் வீட்டு இளவரசன் வந்திறங்கியபோது
அவன் காலில் அக்காள் முறை ஒருத்தியின் பழைய செருப்பு.
அதைச் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், வெட்கம்தான்.
அமெரிக்காவும் போஸ்னியாவும் ஆடிய பந்தாட்டத்தில்
தொண்டை கிழிய போஸ்னியாவுக்குக் கத்தியவன் நான்.
அந்த மண்ணை ஒருநாளும் பார்க்காதவன்.
அண்ணன் மூலையில் உட்கார்ந்து
உப்பு வாங்கும் டெண்டரைப் படித்துக்கொண்டிருந்தான்.
“யார் ஜெயித்தால் உனக்குச் சந்தோஷம்?” என்றேன்.
“சத்தம் குறைந்தால்” என்றான்.

சட்டத்தை மாற்றச் சொல்லிக் கையெழுத்து வாங்க
அல்பனியிலிருந்து ஒரு குழு வந்தது.
காபி கொடுத்து உபசரித்தான்.
கையெழுத்துப் போட்டானா என்று எனக்குத் தெரியாது.
அம்மாவுக்குத் தெரியும். சொல்லமாட்டாள்.

ஜனவரியில் ஒரு நாள், இரவு மூன்று மணி, போன்.
“மிஸ்டர் பிரசிடென்ட்,
வார்ட்டன் தெருவில் குழாய் வெடித்துவிட்டது.
லாரிக்குச் சக்கரச் சங்கிலி நாலு ஜோடி வேண்டும்.”
அவன் மட்டும்தான் என்னை அப்படிக் கூப்பிடுகிறான்.

போனேன். முழங்கால் வரை தண்ணீர்,
தலைமேல் பனி, கையில் டார்ச்.
குழிக்குள் நின்ற ஆட்களோடு அவனும் நின்றான்.
உதடு நீலம் பாரித்திருந்தது.
சங்கிலியை மாட்டிக் கொடுத்துவிட்டு,
“பாதி விலை போதும்” என்றேன்.

டார்ச்சை என் முகத்தில் அடித்தான்.
“தம்பி கடையில் ஏன் வாங்கினாய் என்று
நாளைக்கு எவனாவது கேட்பான்.
முழு விலை போடு. தேதி போடு.
இந்த நேரத்தில் வேறு கடை திறந்திருக்கவில்லை என்று
கீழே எழுது.”

எழுதினேன்.
விரல் விறைத்து, பேனா ஓடவில்லை.
மறுபடி எழுதச் சொன்னான்.