மூன்றாம் நாள் முறை

இண்டூருக்குத் தெற்கே எங்கள் ஊர்.
ஒகேனக்கல் குழாய்க்கு வால்வு திறப்பவன் நான்,
மூன்று நாளைக்கு ஒருமுறை,
பெரும்பாலும் நடுச்சாமத்தில்.
ஞாயிறு சபையில் வேதம் வாசிப்பவனும் நான்தான்.
குரல் பெரிது. வேறு தகுதி இல்லை.

வியாகுலம் என்று வாசிப்பேன்.
பின்வரிசையில் பெரியண்ணன் மெல்லக் கேட்பார்,
அதுக்கு தருமபுரி ஜி.எச்.ல ஊசி இருக்கா என்று.
பட்சித்தார்கள் என்றால்
பிள்ளைகள் அண்ணாந்து தகரக் கூரையில்
பட்சியைத் தேடும்.
நானும் பல சொற்களை
இருட்டில் படியிறங்குகிறவன் போலத்தான்
காலால் தடவித் தடவிக் கடந்திருக்கிறேன்.

ஓசூரிலிருந்து புதிதாய் வந்த பாஸ்டர் எலியேசர்
ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.
எல்லாம் நம் பேச்சுத் தமிழ் என்றார்.
இந்த ஜில்லாவில் யாரையாவது நீர் என்று கூப்பிடுகிறோமா?
ஆண்டவரை மட்டும் ஏன்?
இனிமேல் நீங்கள்.
எனக்கும் சரியென்றே பட்டது.
டேப்பைக் கிழித்ததும் நான்தான்.
புது மை வாசம்.

அப்போது மாதம்மா எழுந்தாள்.
ஞானஸ்நானத்தில் ரெபேக்காள் என்று பேர் வைத்தோம்,
யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.
புருஷன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை.
பிள்ளைகள் இரண்டுக்கும் போர்த் தண்ணி குடித்துப்
பல்லெல்லாம் செம்மண் கோடு.

நீர்னா தண்ணின்னு இல்ல நெனச்சேன், என்றாள்.
நீர் பெரியவர், நீர் எரங்கும், நீர் எங்க வூட்டுக்கு வாரும்,
நாலு வருசமா
அதுங்கிட்டதானே பேசிக்கினு இருக்கேன்?

சபை சிரித்தது.
குரல் பெரிது என்றேனே,
என் சிரிப்புதான் கடைசியாக அடங்கியது.

அவள் சிரிக்கவில்லை.
அப்ப அதெல்லாம் அவரு காதுல வுழலியா?
பாஸ்டர் வாயைத் திறந்தார்,
மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது.
அவளே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தாள்:
வந்துச்சே.
மூணு நாளைக்கு ஒருக்கா வருதே.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில்
அவள் வீட்டு இணைப்புக்கு மனு எழுதினேன்.
மேற்படி விலாசத்தில் வசிக்கும் மனுதாரராகிய,
தாங்கள் கருணைகூர்ந்து,
தங்கள் மேலான உத்தரவை எதிர்நோக்கி.
இந்தத் தமிழையும் எந்த வீட்டிலும் பேசுவதில்லை.
இதைக் கேட்டு ஒருவரும் சிரித்ததில்லை.
அவள் கைநாட்டு வைத்துவிட்டு
விரல் மையைத் தலையில் துடைத்துக்கொண்டாள்.
பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது.
கடவுளும் சில சமயம் இப்படித்தான்,
என்ன, சீல் இருக்காது.

இதை யாரிடமும் சொன்னதில்லை.
வால்வை ஒன்றரைச் சுற்று திருப்பினால்
முதலில் வருவது தண்ணீர் இல்லை, காற்று.
பென்னாகரத்து மேடெல்லாம் ஏறி இறங்கி
குழாய்க்குள் இழுத்து, இருமி,
யாருக்கும் தெரியாத ஏதோ பாஷையில்
நெடுநேரம் என்னவோ சொல்லும்.
ஒரு சொல் விளங்காது.
ஆனால் தெருவே எழுந்துவிடும்,
குடத்தோடு.

முதல் குழாயில் எப்போதும் மாதம்மாதான்.
போன முறை குனிந்து அதன் வாயருகே
ஏதோ கேட்டாள்.
வந்துட்டியா என்றாளா, வந்துட்டீரா என்றாளா,
தெரியவில்லை.
அதற்குள் பிளாஸ்டிக் குடத்தில்
தண்ணீர் விழும் சத்தம்.

மேசையில் இரண்டு புத்தகமும் இருக்கின்றன.
ஞாயிறன்று எதை எடுப்பேன், தெரியாது.
மணி இரண்டாகப் போகிறது.
டார்ச்சுக்கு பேட்டரி போட வேண்டும்.
இன்றைக்கு முறை
கீழத்தெருவுக்கு.