எழுபத்திரண்டு சட்டகம்

நோதார் கெலியா நடித்த பதினோரு படங்களை
வெட்டி ஒட்டியவள் நான்.
ஒன்றும் உப்புக்குப் பெறாது.
ஒன்றில் பாலம் கட்டுவார்கள்.
இன்னொன்றில் பாலம் இடியும்.
மூன்றாவதில் பொறியாளர் மகளுக்கும்
டிராக்டர் ஓட்டுகிறவனுக்கும் காதல்;
பாலம் பின்னால் சும்மா நிற்கும்.
வசனத்தைக் காதில் வாங்கினால்
திபிலிசி ஸ்டூடியோ எலிகளே
இடத்தைக் காலி செய்துவிடும்.

ஆனால் நோதார் உள்ளே வருவான்.
கதவைத் திறப்பதில் என்ன இருக்கிறது,
கதவுதானே.
அவன் திறந்தால்
அந்தப் பக்கம் ஒரு வீடு இருக்கும்,
அடுப்பில் ஏதோ கொதிக்கும்,
யாரோ இவனைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.
எனக்குத் தெரியும், அந்தப் பக்கம் இருந்தது
ஒட்டுப்பலகையும்
பீடை பிடித்த தச்சன் ஒருவனும்.

"மாரோ, இங்கே வெட்டு" என்பார் ரெவாஸ்.
இயக்குநர்.
திரையில் நோதார்
அடுத்த வசனத்தை மறந்துவிட்டு
ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பான்.
மறந்தது அவன் முகத்துக்கே தெரியாது.
ஒரு சுளையை எதிரில் இருப்பவளுக்கு நீட்டுவான்,
கதையில் எழுதாத சுளை.
மரக்கட்டை என்று பேரெடுத்த அவள்
வாங்கிக்கொண்டு
சிரித்தே விடுவாள்.
வெட்டிவிட்டேன் என்பேன்.
ரெவாஸ் சிகரெட்டுக்கு வெளியே போனதும்
மூன்று விநாடி,
எழுபத்திரண்டு சட்டகம்,
தரையிலிருந்து பொறுக்கித் திரும்ப ஒட்டுவேன்.
திருட்டுதான்.

குதாயிசியில் ஒரு பனிமாலை
டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்த்தேன்.
அறுபது பேர் இருப்பார்கள்.
ஹீட்டர் செத்துக் கிடந்தது,
யாரும் கோட்டைக் கழற்றவில்லை.
பாதிப் படம் வரை
சூரியகாந்தி விதை கொறிக்கும் சத்தம்.
ஆரஞ்சு வந்தது.
கொறிப்பது நின்றது.
முன்வரிசையில் ரயில்வே தொப்பிக்காரர் ஒருவரின் கை
முழங்காலை விட்டு
கொஞ்சம் எழுந்து
எதையோ வாங்குவதுபோல் விரிந்து
வெட்கப்பட்டுக் கீழே போனது.

பன்னிரண்டாவது, நல்ல படம்.
கதை நல்ல கதை. மழை நல்ல மழை.
ஒவ்வொரு சட்டகமும்
இஸ்திரி போட்ட சட்டை.
வெளிநாட்டு விழாவில் எழுந்து நின்று கைதட்டினார்களாம்.
அதில் நோதாரைத் தேடினேன்.
இருந்தான். குறை சொல்ல முடியாது.
கதவைத் திறந்தான்;
வீடு ஏற்கெனவே அங்கே இருந்தது.
அவன் எதையும் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை.
தரையில் பொறுக்க எனக்கும் ஒன்றுமில்லை.

நடைபாதையில் பிடித்துக்கொண்டான்:
"எப்படி இருந்தேன்?"
நன்றாக, என்றேன்.
அவனுக்கும் தெரிந்திருந்தது.
பேச்சை மாற்ற, அந்த ஆரஞ்சைப் பற்றிக் கேட்டேன்.
"அந்தச் சனியனா?
எனக்கு வயிற்றுக்கு ஆகாது.
அதனால்தான் அவளிடம் தள்ளினேன்."

போன வாரம் பதின்மூன்றாவதின் டப்பாக்கள் வந்தன.
மேலே சீட்டு: பாலம், இரண்டாம் பாகம்.
சிரித்துவிட்டேன்.
நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
ரெவாஸ் எப்போது வெளியே போவார்
என்று பார்த்துக்கொண்டு
விளக்கை அணைத்தேன்.