மூட்டை பதினைந்து ராண்ட்

வெள்ளிக்கிழமை நாலரைக்குச் சங்கு ஊதினதும்
வெட்டுமேசைக்கு அடியில் கிடப்பதையெல்லாம்
மூட்டையாகக் கட்டி விற்பார் பூவலிங்கம்.
பதினைந்து ராண்ட். எடை பார்க்கமாட்டார்.
அமுக்கி அடைப்பது அவரவர் சாமர்த்தியம்.

தெம்பெகிலேயும் நானும் பாதிப் பாதி.
பஸ் நிறுத்தத்துச் சிமெண்டுப் பலகையில் கொட்டிப் பிரிப்போம்.
மெரூன் அவளுக்கு, கரும்பச்சை எனக்கு.
சாம்பல் யாருக்கும் வேண்டாம்,
சாம்பல்தான் அதிகம் இருக்கும்.

நாங்கள் தைப்பது பள்ளிச் சீருடை மட்டும்.
ரெய்ஸ்தோர்ப்பிலிருந்து ஹோவிக் வரை
எந்தப் பள்ளிக்கு எந்தப் பச்சை என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

ஓட்ஸ் டப்பா அட்டையில் வெட்டினேன் நாலங்குலச் சதுரம்.
கோடு போட, தேய்ந்து காய்ந்த சோப்புச் சில்லு;
துவைத்தால் அதுவே போய்விடும்,
கொஞ்சம் துவைத்தும் கொடுக்கும்.
நூல், கோன்களின் அடியில் மிஞ்சியது.
ஆகவே ஒரே வரிசையில்
நீலம் பாதி வழியில் தீர்ந்து
பழுப்பு நடக்கும்.

உள்ளே வைக்கும் பஞ்சு விரிப்பு
டவுன் கடையில் மீட்டர் தொண்ணூற்றைந்து.
தடவிப் பார்த்தேன். தடவக் காசு கேட்கவில்லை.
நாய் பூனைகளுக்காக நடத்தும் பழந்துணிக் கடையில்
இஸ்திரிப்பெட்டி சுட்ட கம்பளி ஒன்று, முப்பது ராண்ட்.
சுட்ட இடம் கால்மாட்டில் வருமாறு வைத்தேன்.

அடித்துணிக்குக் கட்டில் விரிப்பு.
நடு நைந்து, ஓரம் புதுசாகவே இருந்தது.
நடுவில் கிழித்து
ஓரம் இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவந்து தைத்தேன்.
இரண்டு பேர் படுத்து நைந்த இடம்
இப்போது கட்டிலுக்கு வெளியே தொங்குகிறது.

ஒரு நாள் சூடு அதிகமாகி
பாலியெஸ்டர் இளகிச் சுருண்டது,
ஒரு பள்ளிக்கூடமே போயிற்று.
ஒரு நாள் எட்டு மணிக்கு மின்வெட்டு;
மெஷின் ஊசி துணிக்குள் இறங்கியபடி நின்றது.
சக்கரத்தைக் கையால் திருப்பி ஊசியை மீட்டு,
மிச்சத்தைக் கையால் தைத்தேன்,
செல்போனில் பன்னிரண்டு சதவீதம் இருக்கும் வரை.
அந்த வரிசையைப் பகலில் பார்க்காதீர்கள்.

ஸ்டாண்டர்ட் ஃபைவோடு நின்றவள் நான்.
போட்டது ஒரே பினஃபோர், கறுப்பு,
அதுவும் அக்கா போட்டு முடித்தது.
இந்த ஜூலையில்
பதினேழு பள்ளிகளை
கழுத்து வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறேன்.
எதிலும் ஹோம்வொர்க் இல்லை.

நாத்தனார் கோகிலம் வந்து பார்த்தாள்.
எனக்கொன்று தைத்தால் எவ்வளவு என்றாள்.
மூன்று வாரத்து மூட்டையில் என் பங்கு இருபத்திரண்டரை,
கம்பளி முப்பது, நூல் சும்மா.
ஐம்பத்திரண்டரைக்குப் பிறகு கணக்கு ஓடவில்லை;
ராத்திரிகளை எந்த வரியில் எழுதுவது?
நானூறு என்றேன், தரையைப் பார்த்தபடி.
சீனாக்காரன் கடையில் நூற்றெண்பது,
புலி போட்டது, மெத்தென்று இருக்கும் என்றாள்.
இருக்கும். பார்த்திருக்கிறேன்.
நல்ல புலி.

திங்கட்கிழமை டீ நேரத்தில் தெம்பெகிலே சொன்னாள்,
புது ஆர்டர் வருகிறதாம்,
ஏதோ ஒரு பள்ளிக்கு மஞ்சள் சட்டை.
இத்தனை வருஷத்தில் மஞ்சள் வந்ததே இல்லை.
யாருக்கு என்று இன்னும் பேசிக்கொள்ளவில்லை.
ஏழரை ராண்டைச் சில்லறையாகவே
டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.